இருதலை அம்பும் இடுப்பு வலியும்

ஆபீசில் என்னை அம்பக்கா என்பார்கள். சுள்ளென்று கோபம் வருகிறவள் என்பதால் வைத்த பேர் இல்லை. கோபம் வருவது தனி விஷயம், அது எல்லாருக்கும் தெரியும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அம்பு போடுகிறவள் என்பதால் வைத்த பேர்.

எங்களுடையது சமூக ஆய்வு அலுவலகம். ஐந்து பேர், மூன்று மேசை, ஓடாத ஏ.சி. ஒன்று. யார் எதை ஏன் செய்கிறார்கள் என்று ஏதாவது ஒரு துறை கேட்கும். நாங்கள் போய் விசாரித்து, பதிலையெல்லாம் எண்ணாக்கி, படம் போட்டுக் கொடுப்போம். பாதைப் பகுப்பாய்வு என்று பேர். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கேட்டு எண்ணாக்க முடிந்த ஒவ்வொன்றும் ஒரு கட்டம்: வருமானம், தூரம், படிப்பு. எது எதைத் தள்ளுகிறதோ அங்கே ஓர் அம்பு, எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு அம்பின் மேல் ஓர் எண். அவ்வளவுதான். ஆனால் மனுஷரை முழுசாகக் கட்டத்துக்குள் அடைக்க யாரால் முடியும்? அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவோம். நாங்கள் கேட்காதது, கேட்கத் தெரியாதது, கேட்டும் அவர்கள் சொல்லாதது எல்லாம் அந்த வட்டத்துக்குள் போய்விடும். அளக்காத மாறி என்று மரியாதையாகச் சொல்வோம். எங்கள் களப்பணியாளர் துருவி அதைக் குப்பைத்தொட்டி என்பாள். யாரையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

இந்தத் தடவை வந்தது மாலைப் பள்ளிகள் விவகாரம். பகலில் சலவைக்கூடத்திலும் பொட்டலம் கட்டும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பெண்கள், விட்ட படிப்பை முடிப்பதற்காக நடக்கும் வகுப்புகள். ஊரில் நான்கு இடத்தில் நடக்கின்றன. யார் வருகிறார்கள், யார் பாதியில் நிற்கிறார்கள், ஏன்? இதுதான் கேள்வி. வருகை ஒரு கட்டம். கடைசி மணி வரை உட்கார்ந்திருப்பது இன்னொரு கட்டம். பள்ளிப் பதிவேட்டிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு.

மூன்று பள்ளி சமர்த்தாகப் படத்துக்குள் அடங்கிவிட்டன. நாலாவது பள்ளி அடங்கவில்லை. ஊர் எல்லையில் இருக்கிறது, வருமானம் குறைவு, வீடுகள் தொலைவு, எல்லாரும் பகலெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். என் அம்புகளின்படி அந்தப் பள்ளி எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் வருகை அதிகம், கடைசி மணி வரை இருப்பதும் அதிகம். இரண்டு கட்டத்தின் வட்டங்களும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் இழுத்தன.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறி வைத்தியம் இருக்கிறது. படம் கணக்குக்குப் பொருந்தவில்லை என்றால், கம்ப்யூட்டரே காதில் ஓதும்: இந்த இரண்டு வட்டத்தையும் ஒரு வளைந்த அம்பால் சேர்த்துவிடேன் என்று. இரண்டு பக்கமும் தலை உள்ள அம்பு. 'இதுவும் அதுவும் சேர்ந்து போகின்றன, ஏன் என்று கேட்காதே' என்று அதற்கு அர்த்தம். நாலாவது பள்ளிக்கு அதைப் போட்டேன். கணக்கு வெண்ணெய் மாதிரி பொருந்தியது. எங்கள் இயக்குநர் எதைக் கேட்டாலும் 'பாக்கலாம்' என்கிற மனுஷர், அவரே 'பிரமாதம்' என்றார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துத் துறை அதிகாரி வந்தார். ஒல்லியானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. நான் போட்ட படத்தை மேசையில் விரித்து, அந்த வளைந்த அம்பின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னம்மா?"

"ரெண்டுக்கும் பின்னாடி ஏதோ ஒரே காரணம் இருக்கு சார். அது எங்க அளவுல வரல."

"உங்களுக்கு வரல. எனக்கு வந்துடுச்சு." அவர் சிரிக்கவில்லை. "வருகையும் கடைசி மணியும் ஒரே பதிவேடு, ஒரே கை. அந்த டீச்சரோட பேனாதான் உங்க காரணம். உட்கார்ந்த இடத்துல டிக் போட்டுட்டாங்க. கூட்டம் இருக்கற மாதிரி காட்டினாதானே பள்ளி நடக்கும்? அத மூடிட்டு நகரத்துப் பள்ளியோட சேர்த்துடலாம்னு இருக்கேன். அடுத்த புதன்கிழமை முடிவு. உங்க அறிக்கையவே ஆதாரமா வெச்சுக்கறேன்."

அந்த டீச்சரை நான் பார்த்தது கூட இல்லை. நான் சோம்பேறித்தனமாக வளைத்துவிட்ட அம்பு ஒருத்தி கழுத்தில் சுருக்காகப் போய் விழுந்திருக்கிறது. நகரத்துப் பள்ளி அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். சேர்ப்பது என்றால் அந்த நாற்பது பேரின் படிப்புக்கு முழுக்குப் போடுவது என்றுதான் அர்த்தம்.

"புதன்கிழமைக்குள்ள பாக்கலாமே," என்று இழுத்தார் இயக்குநர்.

"என்னத்தப் பாக்கறது? நான் போறேன்," என்று பையை எடுத்துக்கொண்டேன். துருவி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாவது பள்ளி ஒரு பழைய தானியக் கிடங்கு. உயரத்தில் ஜன்னல், நீள நீளமான பெஞ்சுகள், கரும்பலகைக்குப் பதில் பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. நாங்கள் போனபோது முப்பத்தாறு பேர் இருந்தார்கள். நான் இரண்டு தரம் எண்ணினேன். டீச்சர் நாற்பது வயதுக்காரி, தொண்டை கட்டியிருந்தது. 'மூடப் போறாங்களாமே' என்று மட்டும் கேட்டாள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் துருவி ஆரம்பித்தாள். "ஏம்மா, மத்த பள்ளிக்கூடத்துலல்லாம் பாதிப் பேர் ஏழேகாலுக்கே எழுந்து ஓடறாங்க. நீங்க மட்டும் எப்படி ஏழரை வரைக்கும் இருக்கீங்க?"

"எதுக்கு ஓடணும்? வண்டி நிக்குமே," என்றாள் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

"கடைசி பஸ் ஏழு இருபத்தஞ்சுக்கு," என்றேன் நான். எங்கள் படிவத்தில் 'வீட்டுக்குத் திரும்பப் பேருந்து உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. நான்கு பள்ளியிலும் எல்லாரும் 'உண்டு' என்று குறித்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் அந்தக் கேள்வி எங்களுக்கு உதவாது. தூக்கிப் போட்டிருந்தேன்.

"அது பேப்பர்ல அக்கா. இங்க டிரைவர் அண்ணன் பானட்டத் தொறந்து வெச்சுக்கிட்டு ஏதாவது பாத்துட்டு இருப்பாரு. தெனமும் எட்டு நிமிஷம் தண்ணி ஊத்துவாரு. நாங்க ஏறி முடிச்சதும் எப்படியோ ரிப்பேர் சரியாயிடும்." எல்லாரும் சிரித்தார்கள்.

"தினமும் அதே டிரைவரா?"

"ஆமா. பச்சை மப்ளர் கட்டியிருப்பாரு. பாடிக்கிட்டேதான் ஓட்டுவாரு. சுருதிதான் ஊர்ப்பக்கம் வராது, பாவம்."

துருவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பச்சை மப்ளரை வாங்கிக் கொடுத்தவள் நான். அந்தப் பாட்டைத் தினமும் குளியலறைக்கு வெளியே நின்று சகித்துக்கொள்கிறவளும் நான்தான். அவருடைய கடைசி நடை ஊர் எல்லை வழியாகப் போவது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிறதே, எட்டு மணிக்கு வர வேண்டிய மனுஷர் எட்டு பத்துக்கு வருகிறாரே என்று இரண்டு வருஷமாக நான் சண்டை போடாத நாளில்லை. அவரும் 'டிராஃபிக்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஊரார் வீட்டுக் காரணமெல்லாம் கண்டுபிடிக்கிறவள், என் வீட்டுக் காரணத்தைக் கோட்டை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவர் வந்ததும் தட்டைக் கூட வைக்கவில்லை.

"வண்டியில என்னங்க ரிப்பேர்?"

"எந்த வண்டி?"

"தினம் தண்ணி குடிக்கற வண்டி."

மப்ளரை மெதுவாக அவிழ்த்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் நிக்கறேன். அதுக்கு என்ன இப்ப?"

"எட்டு நிமிஷம். எதுக்கு?"

"கண்ணாடில தெரியுதுடி. புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு ஓடி வர்றாங்க. பாத்துக்கிட்டே எப்படிக் கிளம்பறது?"

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி, டீச்சரின் பேனா, புதன்கிழமை. அவர் நிற்பதால்தான் அவர்கள் படிக்கிறார்கள் என்று நான் எழுதினால் பள்ளி பிழைக்கலாம். எழுதினால் அவருக்கு மெமோ வருவது நிச்சயம்.

அவர் முகம் சுருங்கியது. முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். மெமோ என்ற ஒன்றை வாங்கியதே இல்லை. டிப்போ வாசலில் ஒரு பலகை உண்டு. கறுப்புப் புள்ளி இல்லாத ஓட்டுநர்கள் பேர் அதில் இருக்கும், அதில் முதல் பேர் இவருடையது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்.

"பேர் போடாம எழுதேன்."

"ஒரு ரூட்டு, ஒரு கடைசி வண்டி, ஒரு டிரைவர். பேர் வேற எதுக்கு?"

"அப்ப எழுதாத போ," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் தப்பே இல்லை. அந்த அம்பை வளைத்தவள் நான்.

மறுநாள் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார். "அந்த டீச்சர் பொய் எழுதினாங்கன்னா சொல்றாங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அவங்க மேல போடறது பொய்ப்பழி. என் மேல வர்றது நெசந்தானே. எழுது." கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் இருந்த ஆசை முப்பது வருஷத்தில் கொஞ்சம் தேய்ந்துதான் போயிருந்தது, பொய் சொல்வானேன். அன்றைக்குக் காலையில் அது புதுசாக வந்து உட்கார்ந்தது.

எழுதுவது இருக்கட்டும், நிரூபிப்பது எப்படி? காரணம் பேனா என்கிறார் அதிகாரி. பஸ் என்கிறேன் நான். ஒரே வட்டத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். பெண்கள் சொன்னதைச் சொன்னால், டீச்சர் சொல்லிக் கொடுத்தது என்பார். ஆபீசில் பதிவேட்டின் நகலைப் பரப்பிக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் ஆய்வுக்கு எடுத்தது மாதச் சராசரி. மாதத்தை உடைத்து நாள் நாளாகப் பார்த்தேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு குழி. திடுதிப்பென்று ஒரு திங்கட்கிழமை, கடைசி மணிப் பத்தியில் முப்பத்துநாலு டிக் இருந்த இடத்தில் பதினொன்று. மறுநாள் ஒன்பது. வருகையும் சரிந்திருக்கிறது. அப்படியே கிட்டத்தட்ட மூன்று வாரம். பிறகு ஒரு சனிக்கிழமை பழையபடி முப்பத்துமூன்று.

"இது என்னக்கா, தொற்றுநோயா?" என்றாள் துருவி.

நான் தேதிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தேதிகளை நான் எப்படி மறப்பேன்! "இடுப்புடி," என்றேன்.

"என்னது?"

"எங்க வீட்டுக்காரரோட இடுப்பு. சிலிண்டரத் தூக்கறேன்னு தூக்கிப் பிடிச்சுக்கிச்சு. பத்தொன்பது நாள் படுக்கை. நான்தான் ஒத்தடம் குடுத்தேன்."

துருவி நாற்காலியை விட்டு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இயக்குநர் எட்டிப் பார்த்து, "பாக்கலாமா?" என்றார்.

புதன்கிழமை அதிகாரியின் அறையில் நான் பழைய படத்தை விரிக்கவில்லை. நாள் வாரியாகப் போட்ட ஒரே ஒரு கோட்டை வைத்தேன். பஸ் நிற்கிற கதையைச் சொன்னேன்.

"இந்த டிரைவர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? "என் வீட்டுக்காரர் சார்."

அதிகாரி பேனாவை மேசையில் போட்டுவிட்டுச் சாய்ந்தார். "நல்லா இருக்கும்மா. ஆய்வு செய்யறது மனைவி, காரணம் புருஷனா? இத நான் மேல எப்படி அனுப்பறது?"

"என்னை நம்பாதீங்க சார். அவரையும் நம்பாதீங்க. இந்தக் குழிய மட்டும் பாருங்க. சரியாப் பத்தொன்பது நாள். அந்த நாள்ல வேற டிரைவர், வண்டி சரியான மணிக்குக் கிளம்பியிருக்கு. எங்க வீட்டுக்காரர் எப்ப லீவு போட்டாருன்னு டிப்போவுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க."

அவர் போனைத் தொடவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உட்கார்ந்த இடத்துல டிக் போடறவங்க முப்பத்துநாலுன்னு போட்டுட்டே போயிருப்பாங்க. பதினொண்ணுன்னு ஏன் எழுதணும்? கூட்டம் காட்டத்தானே பொய் எழுதறாங்கன்னீங்க? பொய்க் கணக்கு எழுதறவங்க எங்க வீட்டுக்காரர் இடுப்பப் பாத்தா எழுதுவாங்க?"

அறையில் இருந்த எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி போனை எடுத்தார். விடுப்புத் தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் கையாலேயே என் கோட்டுக்குக் கீழே எழுதினார். முதல் நாள் பொருந்தியது. கடைசி நாளும் பொருந்தியது.

"அந்த டீச்சர்கிட்ட நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன்," என்றார். பிறகு இன்னொரு பேனாவை எடுத்து மூடுவதற்கு எழுதி வைத்திருந்த உத்தரவைக் குறுக்காக அடித்தார். வகுப்புக்கு வராதவர்களுக்கு டிக் போடாமல் டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்ததால்தான் அந்தப் பள்ளி பிழைத்தது. ஆள் வராத நாட்கள்தான் அதைக் காப்பாற்றின.

நல்லது இரண்டு நடந்தது. நான்கு பள்ளிக்கும் கடைசி பஸ் ஏழு முப்பத்தைந்து என்று அட்டவணையை மாற்றினார்கள். என் படத்தில் வளைந்த அம்பை அழித்துவிட்டு, 'பேருந்து காத்திருக்கும் நேரம்' என்று ஒரு கட்டம் போட்டு நேர் அம்பு இழுத்தேன். வருமானத்தையும் தூரத்தையும் விடப் பெரிய எண் அதன் மேல்தான் வந்தது. வீட்டில் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவா? நான் சும்மாதானே நின்னேன்," என்றார்.

கெட்டது ஒன்று. மெமோ வந்தது. பலகையிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். இனி ஒரு நிமிஷம் தாமதமானாலும் நோட்டில் நேரத்தையும் காரணத்தையும் எழுத வேண்டும், மூன்று முறை ஆனால் விசாரணை. அவர் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'பரவால்ல விடு' என்றார். உள்ளுக்குள் அவருக்கு அது வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

புது நேரம் தொடங்கிய அன்று அவருடைய வண்டியில் நானும் ஏறினேன். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏழரைக்கு மணி அடித்தது. பெண்கள் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. பானட் மூடியிருந்தது. சலவைக்கூடத்துப் பெண் அவரிடம், "என்ன அண்ணே, இன்னிக்கு ரிப்பேர் இல்லியா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஏழு முப்பத்தைந்து. அவர் இன்ஜினை முடுக்கினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிடங்கு வாசலிலிருந்து ஒருத்தி ஓடி வருகிறாள். டீச்சரிடம் ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள். கையில் நோட்டு, ஒரு கால் செருப்பு கழன்று கழன்று விழுகிறது. கண்ணாடியில் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் கை கியரின் மேல் இருந்தது. வண்டியை எடுக்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மணியாச்சுப்பா, எடு, பசிக்குது," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். கியர் விழுந்தது.

வண்டி நகருவதற்குள் நான் எழுந்து படியில் இறங்கினேன். ஒரு காலைத் தரையில் வைத்தேன், இன்னொரு காலைப் படியிலேயே வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தேன்.

"என்னடி பண்றே? ஏறு!"

"பயணி ஏறிட்டிருக்கும்போது வண்டிய எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"நான் ஏறிட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் ஏறுவே?"

"எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் ஏறுவேன்."

பசிக்கிறவர் முனகினார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஓடி வந்தவள் மூச்சு வாங்க என்னைத் தாண்டி உள்ளே போனாள். அதன் பிறகு எனக்கு முட்டி சட்டென்று சரியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

அவர் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "ரெண்டு நிமிஷம் தாமதம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறது?"

"பொண்டாட்டின்னு எழுதுங்க."

எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார்.